இரவில் காலிங் பெல்லை அழுத்திவிட்டு ஓடும் சிறுவர்கள்: வீட்டுக்காரர்கள் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சரவணம்பட்டி வாசி

வணக்கம். கோவை சரவணம்பட்டியை அடுத்த ஒரு மனைப்பிரிவில் தனி வீடு கட்டிக் குடியிருக்கிறோம். கணவருக்கு வெளியூரில் வேலை. வார நாட்களில் வீட்டில் இருப்பவர்கள் நானும், எண்பது வயதை நெருங்கும் மாமியாரும், தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகளும்தான்.

சில மாதங்களாக எங்கள் தெருவில் பதினான்கு, பதினைந்து வயது மதிக்கத்தக்க சிறுவர்கள் மூவர் இரவு பத்து மணிக்கு மேல் காலிங் பெல்லை அழுத்திவிட்டு ஓடுகிறார்கள். சில நாட்களில் சுவிட்சின் இடுக்கில் தீக்குச்சியைச் செருகிவிடுவதால், நான் வாசலுக்குப் போய் அதை எடுக்கும்வரை பெல் அடித்துக்கொண்டே இருக்கிறது. கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு மாடுகளை உள்ளே விடுவது, பூந்தொட்டிகளைக் கவிழ்ப்பது, ஸ்கூட்டர் சக்கரத்தில் காற்றைப் பிடுங்குவது என்று ஒவ்வொன்றாக நடந்தபோது, வயதுக்குரிய குறும்பு என்று விட்டுவிட்டேன். தீபாவளிக்குப் பிறகு ஓர் இரவில் கேட்டில் மாட்டியிருந்த லெட்டர் பாக்ஸுக்குள் அணுகுண்டு வெடியைப் போட்டுக் கொளுத்தினார்கள். தகரப் பெட்டி கிழிந்து தெறித்தது. ஏற்கெனவே இரத்த அழுத்தத்திற்கு மருந்து எடுத்துக்கொள்ளும் மாமியார் அன்று முழுவதும் தூங்கவில்லை. இப்போது பெல் ஒலித்தாலே அவருக்குக் கை நடுங்குகிறது.

எதிர்வீட்டு சிசிடிவியில் மூவரின் முகமும் தெரிகிறது. அந்தக் காட்சியைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள் என்கிறார் ஒருவர். ஒருவனைப் பிடித்துக் கட்டிவைத்தால் மற்ற இருவரும் அடங்குவார்கள் என்கிறார் இன்னொருவர். கேட்டில் இலேசாக மின்சாரம் கொடுக்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். நேரே காவல் நிலையத்திற்குப் போவதா, பெற்றோரிடம் போவதா என்று எனக்குத் தெளிவு இல்லை. பிள்ளைகளின் எதிர்காலம் கெட நான் காரணமாகிவிடக் கூடாது என்ற எண்ணமும் இருக்கிறது. அதற்காக மாமியாரை இந்த அச்சத்திலேயே வைத்திருக்கவும் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இந்த வயதுப் பிள்ளைகளோடு பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னவற்றை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெல், பூந்தொட்டி, காற்று பிடுங்குதல் ஆகியவை எரிச்சலூட்டுபவை, பொறுமையாகக் கையாளலாம். வெடி அப்படிப்பட்டது அன்று. தகரப் பெட்டிக்குள் வெடிக்கும் வெடி சிதறுதுண்டுகளை வீசும். அந்த நேரத்தில் உங்கள் மகள் கேட்டருகே நின்றிருந்தால் கண்ணே போயிருக்கலாம், கொளுத்திய சிறுவனின் விரல்களும் போயிருக்கலாம். நெருப்பு, கல், மின்கம்பி, வாகனத்தின் பிரேக், பெண்களை ஒளிந்து பார்த்தல் ஆகிய எதுவாக இருந்தாலும், அது நடந்த மறுநாளே பெற்றோர் அறிந்தாக வேண்டும். இன்னொரு முறை நடக்கிறதா பார்ப்போம் என்று காத்திருக்கும் பொறுமை அந்தப் பிள்ளைகளுக்கே தீங்கு.

எரிச்சலூட்டும் வகையைப் பொறுத்தவரை, பெல்லை அழுத்துவதில் ஒரு சிறுவனுக்குத் தனியாக எந்த மகிழ்ச்சியும் கிடையாது. விளக்கு எரிவதையும், கதவு திறப்பதையும், நீங்கள் வாசலில் நின்று சத்தம் போடுவதையும் மறைவிலிருந்து நண்பர்களோடு பார்ப்பதில்தான் அவனுக்கு மகிழ்ச்சி. எனவே அதைக் கொடுக்காதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, காலிங் பெல் இணைப்பை இரவில் துண்டித்துக்கொள்ள வீட்டுக்குள்ளேயே ஒரு சுவிட்ச் போடச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. இரவில் வரக்கூடிய உறவினரும் அக்கம்பக்கத்தாரும் தொலைபேசியில் அழைத்துக்கொள்ளட்டும். உங்கள் மாமியாரின் தூக்கத்திற்கு இன்றே செய்யக்கூடிய உதவி இதுதான். கேட்டுக்கு உட்புறமாக ஒரு பூட்டு போட்டால் மாட்டுப் பிரச்சினையும் தீரும்.

இவை வெளிப்பூச்சு மருந்துகள்தாம். என் அனுபவத்தில், ஒரு தெருவில் எத்தனையோ வீடுகள் இருக்க ஒரே வீட்டைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தேடி வந்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு பந்து இருக்கும். காம்பவுண்டுக்குள் விழுந்த கிரிக்கெட் பந்தை யாரோ திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது கத்தியால் அறுத்துத் தெருவில் எறிந்திருப்பார்கள். அது உங்கள் வீட்டில் நடந்ததாக நான் சொல்லவில்லை. உங்களுக்கு முன் அந்த மனையில் யாராவது இருந்தார்களா, அது காலியாகக் கிடந்தபோது அங்கேதான் பிள்ளைகள் விளையாடினார்களா என்று விசாரியுங்கள். புறநகர் மனைப்பிரிவுகளில் இது மிகவும் சாதாரணம். பத்து வயதுவரை அவர்கள் மட்டை பிடித்த இடத்தில் ஒரு நாள் வேலி வருகிறது. பிறகு கேட் வருகிறது. பிறகு கேட்டுக்குப் பின்னாலிருந்து, இங்கே விளையாடாதே என்ற குரல் வருகிறது. பதினான்கு வயதில் அவர்களுக்குத் தெருவைத் தவிர வேறு இடம் இல்லை, தெருவிலும் வரவேற்பு இல்லை.

தமிழ்நாட்டு விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு இடத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். உங்கள் மனைப்பிரிவு அந்த அளவுக்குப் பெரியதென்றால், ஒப்புதல் பெற்ற வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்த இடம் இன்று முட்செடியாகவோ கட்டடக் கழிவு கொட்டும் இடமாகவோ கிடந்தால், அதைத் துப்புரவு செய்து ஒரு வலையும் இரண்டு கம்பங்களும் நட்டுத் தரச் சங்கத்தில் பேசுங்கள். வெடி வைத்ததற்குப் பரிசாக இதைச் செய்யச் சொல்லவில்லை. அந்தக் கணக்கைத் தனியே தீர்க்க வேண்டும். ஆனால் இதைச் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு வேறு மூன்று பிள்ளைகளோடு இதே கேள்வியோடு நீங்கள் வர நேரும்.

மறுமொழி: திருநகர்க் குடியிருப்பாளர்

தலைமையாசிரியர் ஐயாவின் மீது மதிப்பு வைத்தே சற்று மாறுபடுகிறேன். மதுரையில் எங்கள் தெருவில் இதே போலத் தொடங்கியது, கடைசியில் என் காரின் பின்கண்ணாடியில் கல்லாக வந்து விழுந்தது. நான் முதலில் பெற்றோரிடம்தான் போனேன். சின்னப் பையன்தானே, உங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகு சிறுவர்களுக்குத் துணிவு கூடியதே தவிரக் குறையவில்லை. தந்தை தன் பக்கம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்தேன். அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, அடைக்கவில்லை. சீருடை அணியாத ஓர் அதிகாரி பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். கண்ணாடிக்கான பணத்தைத் தந்தையர் பகிர்ந்து கொடுத்தார்கள். அதோடு நின்றுபோயிற்று. காவல் நிலையம் என்றாலே பிள்ளையின் வாழ்க்கை முடிந்தது என்ற அச்சத்தால் பலர் புகார் கொடுக்காமல் இருந்துவிட்டு, பொறுமை இழந்த ஒரு நாளில் கையை நீட்டிவிடுகிறார்கள். கை நீட்டுவதைவிடப் புகார் நல்லது.

மறுமொழி: வழக்குரைஞர், திருச்சி

சகோதரி, உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளில் மூன்று உங்களையே குற்றவாளியாக்கக் கூடியவை என்பதால் சட்ட நிலையைத் தெளிவாக எழுதுகிறேன்.

கேட்டில் மின்சாரம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள். மின்சாரத்தில் இலேசு என்று ஓர் அளவை உங்கள் எலக்ட்ரீஷியனால் உறுதி செய்ய முடியாது. ஈரமான கை, வெறுங்கால், மழை பெய்த தரை ஆகியவைதாம் அதை முடிவு செய்யும். பால்காரரோ உங்கள் மகளோ தொட்டால் என்ன ஆகும்? உயிர் போனால் அது விபத்தாகக் கருதப்படாது; மரணம் விளைவித்த குற்றத்துக்காக நீங்கள் விசாரிக்கப்படுவீர்கள்.

அடுத்து, பிடித்துக் கட்டிவைப்பது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு பொதுமக்களில் ஒருவர் மற்றொருவரைக் கைது செய்ய இடமளிக்கிறது. ஆனால் அது தம் கண்முன் பிணையில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புரிபவருக்கும், அறிவிக்கப்பட்ட குற்றவாளிகளுக்கும் உரியது. பூந்தொட்டியைக் கவிழ்ப்பது அந்த வகையில் வராது. அப்படிப்பட்ட சிறுவனைப் பிடித்து அறையில் பூட்டினால் சட்டவிரோதமாக அடைத்துவைத்த குற்றமும், அடித்தால் காயம் விளைவித்த குற்றமும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127, 115ஆம் பிரிவுகளின்கீழ் உங்கள்மீது வரும். தற்காப்புரிமை உண்டு என்று சிலர் வாதிடுவார்கள். அந்த உரிமை தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்றும், காவல்துறையின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது அந்த உரிமையே எழாது என்றும் அதே நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு கூறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் சிறுவனைத் துரத்துவது தற்காப்பு ஆகாது.

மூன்றாவதாக, வாட்ஸ்அப் குழு. 18 வயது நிறையாதவர் எவரும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தையே. அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு, விசாரணை அல்லது புலனாய்வு தொடர்பாகக் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் உள்ளிட்ட அடையாளங்களை எந்தத் தகவல்தொடர்பு வடிவிலும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் புகார் கொடுத்துவிட்டு அதே காட்சியைக் குழுவிலும் போட்டால் இந்தச் சிக்கல் நேரடியாக எழும். புகார் கொடுக்காவிட்டாலும், குழுவில் போட்ட காணொளி ஒரு மணி நேரத்தில் ஊர் முழுவதும் போய்விடும். திரும்பப் பெற முடியாது. காட்சியை ஒரு பென்டிரைவில் சேமித்து, தேதியையும் நேரத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கருவிகளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால் எதிர்வீட்டாரிடம் இன்றே கேட்டு வாங்குங்கள்.

இனி, புகார் கொடுத்தால் பிள்ளையின் எதிர்காலம் கெடுமா என்ற உங்கள் கவலை. நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாத நிலையில், சிறுவர்கள்மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படுவதில்லை. தகவலைப் பொது நாட்குறிப்பில் பதிந்து, சிறுவனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு சிறுவர்கள்மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திற்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாத ஒருவரையாவது குழந்தைகள் நலக் காவல் அலுவலராக நியமிக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு வழிசெய்கிறது. நீங்கள் அவரைத்தான் கேட்க வேண்டும். சீருடை இல்லாமல் பேசியதாக மேலே நண்பர் எழுதியதும் விதிகள் எதிர்பார்க்கும் முறைதான். சிறுவனுக்கு விலங்கிடக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழுமத்தின் முன் சென்றாலும் அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புதல், குழு ஆலோசனை, சமூகப் பணி, பெற்றோர்மீது அபராதம் ஆகியவற்றுக்கு 18ஆம் பிரிவு இடமளிக்கிறது. இந்தச் சட்டத்தின் நோக்கம் திருத்துவது. அதை அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

சரவணம்பட்டி வாசி

அனைவருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியனை நாளை வரச் சொல்லியிருக்கிறேன். காட்சியின் நகலையும் வாங்கிவிட்டேன். தலைமையாசிரியர் ஐயா சொன்னது சரியாக இருக்கலாம். எங்கள் மனை பல ஆண்டுகள் காலியாகக் கிடந்ததாகவும் பிள்ளைகள் அங்கேதான் விளையாடினார்கள் என்றும் பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். பொது இடத்தில் இப்போது யாரோ ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள்.

முன்பு எழுதத் தயங்கிய ஒன்று உண்டு. மூவரில் ஒருவன் எங்கள் நலச் சங்கப் பொறுப்பாளரின் மகன். அதனால் சங்கத்தில் பேசுவதும் கடினம், அவர் வீட்டுக்குப் போவதும் கடினம். மற்ற இருவரில் ஒருவனின் தாய் எங்கள் தெருவிலேயே தையல் கடை வைத்திருப்பவர், தனியாகப் பிள்ளையை வளர்ப்பவர். முதலில் யாரிடம் போவது?

மறுமொழி: ஃப்ரீமாண்ட் தமிழன்

அக்கா, உங்கள் கணவரோ அக்கம்பக்கத்து ஆண்களோ ஆத்திரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு துரத்த மட்டும் விடாதீர்கள். நான் வசிக்கும் கலிஃபோர்னியா மாநிலத்தின் தெற்கில், டெமெஸ்கல் பள்ளத்தாக்கு என்ற இடத்தில், 2020 ஜனவரியில் ஆறு சிறுவர்கள் ஒரு வீட்டின் காலிங் பெல்லை அழுத்திவிட்டுக் காரில் போனார்கள். அந்த வீட்டுக்காரர் தம் காரில் துரத்திச் சென்று பின்னாலிருந்து மோதினார். கார் மரத்தில் மோதி, பதினாறு வயதுச் சிறுவர்கள் மூவர் இறந்தார்கள். தம் குடும்பத்தின் பாதுகாப்பை எண்ணி அஞ்சியதாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். 2023இல் அவருக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பெல்லை அழுத்தும் இந்த விளையாட்டு இங்கே தலைமுறைகளாக இருப்பதுதான். வீட்டுக்காரர்கள் கையில் துப்பாக்கியோடு கதவைத் திறந்து, கதவுக்கு வெளியே பிள்ளைகள் சுடப்பட்ட நிகழ்வுகளும் இங்கே உண்டு. நம் ஊரில் துப்பாக்கி இல்லாமல் இருக்கலாம். குறுகிய தெருவில் இருட்டில் பைக்கில் துரத்தினால், ஓடும் சிறுவன் லாரிக்கு அடியில் போவதற்கு ஒரு நொடி போதும்.

மறுமொழி: பதினைந்து வயது மகனின் தாய்

அம்மா, பெற்றோர் பக்கத்திலிருந்து ஒருவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். சென்ற ஆண்டு என் மகனும் அவன் நண்பர்களும் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரின் மாடித் தோட்டத்தில் கல் வீசித் தொட்டிகளை உடைத்தார்கள். அவர் எங்களை அணுகிய விதத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். மாலையில் தொலைபேசியில் அழைத்து, உங்களிடமும் உங்கள் மகனிடமும் கால் மணி நேரம் பேச வேண்டும், எப்போது வரலாம் என்று கேட்டார். தெருவில் நின்று கூப்பிடவில்லை. வளர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உடைந்த தொட்டிகளின் படத்தைக் காட்டினார். இறந்துபோன தம் மனைவி நட்டுவைத்த செடிகள் அவை என்றார். என் மகன் மறுக்கத் தொடங்கினான். அவர் வாதிடாமல் பொறுத்திருந்தார். சற்று நேரத்தில் அவனே தலைகுனிந்து, நாங்கள்தான் என்றான்.

அவர் பணம் கேட்கவில்லை. வாங்கிய புதிய தொட்டிகளில் மண் நிரப்ப ஞாயிற்றுக்கிழமைகளில் வரட்டும் என்று மட்டும் கேட்டார். முதல் வாரம் என் மகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் போனான். உடனே திருந்திவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு குறும்புகள் தொடர்ந்தன. ஆனால் அந்த வீட்டை அதன்பின் அவன் தொட்டதில்லை. ஒரு முறை அவன் நண்பன் அங்கே ஏதோ செய்யப் போனபோது, வேண்டாம்டா, தாத்தா வீடு என்று தடுத்ததை நானே கேட்டேன். பெயர் தெரியாத ஒரு கேட்டாக இருந்தது, அவன் அறிந்த ஒரு மனிதரின் வீடாக மாறியதுதான் வேறுபாடு என்று நினைக்கிறேன். உங்கள் மாமியாரை அந்தப் பிள்ளைகள் ஒரு முறையாவது நேரில் பார்த்திருக்கிறார்களா? அவர் கை நடுங்குவதைப் பார்க்கட்டும். அவருக்குச் சம்மதமாக இருந்தால் மட்டும். அவரைக் காட்சிப்பொருளாக ஆக்கிவிடக் கூடாது.

இன்னொன்று. தையல் கடை வைத்திருக்கும் அந்தத் தாயிடம் முதலில் போகாதீர்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணிடம் போய்க் கேட்பது எல்லோருக்கும் எளிது. முழுப் பழியும் அந்த ஒரு பிள்ளையின் தலையில் விழுந்து, மற்ற இரு வீடுகளும் ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஒதுக்கப்பட்ட பிள்ளை பிறகு உண்மையாகவே கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

இந்த அம்மையார் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். மூன்று வீட்டுப் பெரியவர்களையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். மூவருக்கும் ஒரே சொற்களில் செய்தி அனுப்புங்கள். யார் பிள்ளை தலைவன், யார் பிள்ளை துணை என்ற பேச்சே வேண்டாம். உங்கள் கணவர் ஊரில் இருக்கும் ஞாயிறு பகலாக இருந்தால் நல்லது. பொறுப்பாளர் தம் பதவியோடு வருவார் என்று அஞ்சினால், தெருவில் அனைவரும் மதிக்கும் மூத்தவர் ஒருவரை உடன் இருக்கச் சொல்லுங்கள். முதலில் காட்சியைப் பெற்றோருக்கு மட்டும் காட்டுங்கள். பிறகு பிள்ளைகளை உள்ளே அழையுங்கள். பேசும்போது பெல்லையும் தொட்டியையும் விட்டுவிட்டு வெடியைப் பற்றி மட்டும் பேசுங்கள். பத்துக் குற்றங்களை அடுக்கினால் பத்தாவதை மறுத்து முதலாவதிலிருந்தும் தப்பிவிடுவார்கள். புதிய லெட்டர் பாக்ஸை மூவரும் சேர்ந்து வாங்கி வந்து, அவர்கள் கையாலேயே கேட்டில் பொருத்தித் தர வேண்டும் என்று கேளுங்கள்.

திருநகர் நண்பர் சொன்னது போல ஒரு வீட்டார் கதவைச் சாத்தினால், அல்லது அதற்குப் பிறகும் நெருப்போ கல்லோ வந்தால், தயங்காமல் குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடம் போங்கள். அந்தச் சந்திப்பிலேயே, மிரட்டும் தொனி இல்லாமல், இனி ஒரு முறை நெருப்பு வைத்தால் நான் எழுத்தில் புகார் கொடுப்பேன் என்று பிள்ளைகளின் காதுபடச் சொல்லிவையுங்கள். சொன்னால் செய்ய வேண்டும். சொன்னதைச் செய்யாத பெரியவர்களை இந்த வயதுப் பிள்ளைகள் மிக விரைவில் கண்டுகொள்வார்கள்.

ஜல்லி கொட்டியவர் யார் என்று விசாரித்தீர்களா? அந்தச் சந்திப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து, அதே பொறுப்பாளரிடம் அந்த இடத்தைப் பற்றி ஒரு மனு கொடுங்கள். அவர் மகனும் அதில் விளையாடக் கூடியவன் என்பதால் அவர் மறுப்பதற்கு வாய்ப்புக் குறைவு.